எண் போட்ட கூடுகள்

மார்ச் 14, சனி

கடைசியாக நாட்குறிப்பு எழுதியது பணி ஓய்வு பெற்ற அன்று. அதற்குப் பிறகு எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. மனைவி லோகநாயகி இறந்துபோனதைக்கூட எழுதவில்லை. இன்று கடற்கரையில் நடந்துவிட்டு வந்ததால் எழுதுகிறேன்.

காரணம் சர்க்கரை. போன வாரம் வெறும் வயிற்றில் 214. டாக்டர் நடக்கச் சொன்னார். மருந்துக்கடை சுடலைமுத்து மாத்திரையைக் கவரில் போட்டுக்கொண்டே, "வீட்டச் சுத்தி நடந்தா மண்டதான் சுத்தும் வே. எங்ககூட சனிக்கிழம வாரும்" என்றான். என்னைவிட நான்கு வயது இளையவன். 'வே' போடாமல் அவனுக்குப் பேசத் தெரியாது.

குழுவின் பெயர் 'சனி நடை'. கேட்டால் ஏழரை நாட்டுச் சனி மாதிரி இருக்கிறது. பதினொரு பேர், ஒரு வேன். விடியும்போது பாளையங்கோட்டையில் கிளம்பி, ஏதாவது ஒரு கடற்கரையில் நடந்து, கண்ணில் படுகிற பறவை, நண்டு, ஆமை எல்லாவற்றையும் பட்டியல் எழுதிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்புகிறார்கள். ஞாயிறு வைத்துக்கொள்ளாததற்குக் காரணம், நடத்துகிற ஹெப்சிபா மேடம் அன்றைக்குச் சர்ச்சுக்குப் போகவேண்டும். விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். சுடலைமுத்து தானாகச் சொன்னான், நான் கேட்கவில்லை.

இன்று போன இடம் சங்குமேடு. ஆறு கடலில் சேருகிற இடத்தில் நீளமாக ஒரு மணல்திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் ஏறி வற்றுகிற சேற்றுக்கழி. பூநாரை நாற்பத்தொன்று என்று மேடம் எண்ணினார். எனக்குத் தூரத்தில் வேட்டி காயப்போட்டது போலத் தெரிந்தது. சத்தமாகப் பேசியதற்காக இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு நடந்தாலே காலடி எண்ணிக்கை மனதுக்குள் ஓடும். முனைக்கு வந்ததும், "ரெண்டாயிரத்து நூத்திப்பத்து மீட்டர்" என்றேன். யாரோ போனில் பார்த்தார்கள். 2.1 கிலோமீட்டர். மேடம் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, "பூதலிங்கம் சார், இனிமே தூரம் உங்க டிபார்ட்மென்ட்" என்றார்.

மேடம் பச்சைத் தொப்பி போட்டிருந்தார். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

கெண்டைக்கால் வலி. தைலம்.

மார்ச் 28, சனி

மறுபடி சங்குமேடு. இப்போது ஆலாப் பறவையையும் உள்ளானையும் பிரித்துச் சொல்ல வருகிறது. ஆலா மேலிருந்து தண்ணீருக்குள் தலைகீழாக விழும். உள்ளான் ஈர மணலில் குறுக்கும் நெடுக்கும் ஓடும். இவ்வளவுதான். இதற்கு முப்பது வருஷப் படிப்பு எதற்கு என்று மேடத்திடம் கேட்டேன். சிரித்தார்.

கழியில் தண்ணீர் வற்றிய நேரம் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேற்றில் குனிந்து மட்டிச்சிப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சதையைக் குழம்பு வைப்பார்களாம், ஓட்டைச் சுண்ணாம்புச் சூளைக்கு விற்பார்களாம். ஊரிலிருந்து கழிக்கு வர வேறு வழி கிடையாது. இந்தத் திட்டின் மேல்தான் நடந்து வரவேண்டும். ஒருத்தி பின் ஒருத்தியாக, முன்னால் போகிறவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வருகிறார்கள். ஏன் அப்படி என்று கேட்டேன். முன்னால் வந்தவள் பெயர் ஜெபமாலை. ஐம்பது வயது இருக்கும்.

"அதுதான் வழக்கம்" என்றாள். பிறகு என் கழுத்தில் தொங்கிய சுடலைமுத்துவின் பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "எதுவும் தொலைச்சுட்டியளா அண்ணாச்சி? வாரம் வாரம் வந்து தேடுதிய" என்றாள். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வாயாடி.

ஏப்ரல் 4, சனி

நாளை ஈஸ்டர். நடை இல்லை. பகலைத் தள்ளுவது பெரும்பாடாக இருந்தது. ஓசூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன். "என்னப்பா, எதும் விசேஷமா?" என்றான். இல்லை என்றேன்.

ஏப்ரல் 11, சனி

இன்று நன்றாக எழுதவேண்டும்.

திட்டின் நடுவில் நடந்துகொண்டிருந்தபோது மேடம் "நில்லுங்க!" என்று கத்தினார். சுடலைமுத்து ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். அவன் கால் இறங்க இருந்த இடத்தில் இரண்டு முட்டைகள். மணல் நிறம், மேலே பழுப்புப் புள்ளி. கூடு என்று ஒன்றும் இல்லை. மணலில் உள்ளங்கை அளவு குழி, அதற்குள் வெறுமனே போட்டுவைத்திருக்கிறது. சின்ன ஆலாவின் முட்டை என்றார் மேடம். தலைக்கு மேலே அது கத்திக்கொண்டே கொத்த வந்தது. மேடம் குரல் நடுங்கியது. இந்தத் திட்டில் சின்ன ஆலா முட்டையிட்டு அவர் பார்ப்பது இதுதான் முதல்முறையாம். எல்லாரையும் அப்படியே நிற்கவைத்துவிட்டு அவரும் நானும் மட்டும் அடிமேல் அடி வைத்துத் தேடினோம். பதினொரு கூடு கிடைத்தது.

"இவ்வளவு பேர் நடக்குத இடம். மிதிச்சிருவாங்களே" என்றார்.

நான் சொன்னேன்: "அடையாளம் நட்டுருவோம் மேடம். மூங்கில் குச்சி, செவப்புத் துணி, நம்பர். தூரத்துலயே தெரியும். ஒதுங்கிப் போவாங்க. மேப்பும் போட்டுத் தாறேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரொம்ப நல்ல யோசனை சார்" என்றார்.

வேனில் முன் சீட்டில் எனக்கு இடம் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 13, திங்கள்

மூங்கில் பிளந்து பதினாறு குச்சி சீவினேன். ஒவ்வொன்றும் இரண்டடி. சிவப்புத் துணி ஒரு மீட்டர் வாங்கி டவுனில் தையல் கடையில் வெட்டி ஓரம் அடிக்கக் கொடுத்தேன். தேர்தல் நேரம் அல்லவா, "எந்தக் கட்சிக்கு அண்ணாச்சி இத்துனூண்டு கொடி?" என்று தையல்காரன் கேட்டான். ஆலாக் கட்சி என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

நம்பர்களை வெள்ளைப் பெயின்ட்டில் நானே எழுதினேன். கை நடுங்கவில்லை. இன்னும் எழுத்து அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 18, சனி

கொடிகள் நட்டாயிற்று. இப்போது மொத்தம் பதினான்கு கூடு. ஊர்ப்பக்கத்தில் ஒன்றாம் நம்பரில் தொடங்கி முனையில் பதினான்கு. ஒவ்வொரு கூட்டுக்கும் கிழக்கே சரியாக இரண்டடி. வெயிலில் அந்தச் சிவப்பு வரிசையைப் பார்க்க அழகாக இருந்தது. நான்காம் நம்பர் குச்சியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, தன் பெயருக்குப் பட்டா வாங்கியது போலச் சுற்றிலும் பார்த்தது. சுடலைமுத்து அதைப் போட்டோ எடுத்தான்.

மட்டி எடுக்கும் பெண்கள் வந்தார்கள். கூட்டைப் பற்றி விளக்கிச் சொன்னேன். விசைப்படகுக்குத் தடைக்காலம் மூன்று நாள் முன்பு தொடங்கிவிட்டது. ஆண்கள் எல்லாரும் ஊரில் சும்மா இருக்கிறார்களாம். "இனி ரெண்டு மாசம் இந்த மட்டிதான் எங்களுக்குச் சோறு" என்றாள் ஜெபமாலை. பிறகு கொடியைக் காட்டி ஏதோ சொன்னாள். காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

ஹெப்சிபா மேடம் எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தார். எனக்குத் தனியாகக் கொஞ்சமாக வைத்தார். சர்க்கரைக்காரன் அல்லவா.

ஏப்ரல் 25, சனி

ஒன்று முதல் ஆறு வரை காலி.

குழி இருக்கிறது, கொடி இருக்கிறது, முட்டை இல்லை. மூன்றாம் நம்பரில் ஓட்டுத் துண்டு கிடந்தது. மேடம் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு நம்பர் போட்டு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்த மாதிரி இருந்தது எனக்கு இந்த ஒரு வாரம்.

பக்கத்திலேயே பெண்களின் கால்தடம். "தின்னுட்டாளுவ" என்றான் சுடலைமுத்து. அப்படிச் சொல்லாதே என்றார் மேடம். ஆனால் அவரும் தடத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

வரைபடத்தை எடுத்து விரித்தேன். காலியான ஆறும் ஊர்ப்பக்கம். பெண்கள் வரும் பாதையில் இருந்து எதுவும் பத்து மீட்டரைத் தாண்டவில்லை. முனைப்பக்கம் உள்ள எட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வரைபடம் தெளிவாகக் காட்டியது. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்" என்றார் மேடம். என் வரைபடத்தைப் பற்றி அப்படி ஒருவர் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று.

ஏப்ரல் 28, செவ்வாய்

மேடம் போன் செய்தார். ஜூன் முடியும்வரை திட்டில் யாரும் நுழையக்கூடாது என்று வனத்துறைக்கு மனு எழுதியிருக்கிறாராம். கூட இணைக்க வரைபடத்துக்கு நல்ல படி ஒன்று வேண்டும். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை உட்கார்ந்து மசியில் வரைந்தேன். பெண்களின் பாதையைச் சிவப்புக் கோட்டில் காட்டினேன். கீழே கையெழுத்து: ச. பூதலிங்கம், நில அளவையர் (ஓய்வு).

நானே ஆட்டோவில் போய் அவர் வீட்டில் கொடுத்தேன். வாசலோடு திரும்பிவிட்டேன். வீடு சுத்தமாக இருந்தது.

மே 2, சனி

மொத்தம் ஒன்பது கூடு போய்விட்டது. பத்து முதல் பதினான்கு வரை இருக்கிறது. வெயில் தாங்கவில்லை. நுங்கு சாப்பிட்டோம்.

மற்றவர்கள் நுங்கு சாப்பிடும்போது நான் கொஞ்சம் தள்ளிப் பனைநிழலில் இருந்தேன். கொடியே இல்லாத இடத்தில் ஒரு ஆலா இறங்கி உட்கார்ந்தது. போய்ப் பார்த்தேன். முட்டை. நாம் கொடி நட்ட பிறகு இட்டதாக இருக்கவேண்டும். சுற்றித் தேடினேன். அப்படி ஐந்து கூடு. பெண்களின் பாதையை ஒட்டியே இருக்கின்றன. ஒன்று பாதையிலேயே இருக்கிறது. ஐந்திலும் முட்டை அப்படியே இருக்கிறது.

வெயிலில் நெடுநேரம் நின்றதால் தலை கிறுகிறுத்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் சரிபார்க்க வேண்டும். அளவையில் அதுதான் முறை.

மே 4, திங்கள்

ஆத்தூரில் இறங்கி மினி பஸ் பிடித்து, தனியாகச் சங்குமேடு போனேன். குடை, தண்ணீர், இரண்டு இட்லி. ஏழு மணிக்குப் பனையடியில் உட்கார்ந்தேன்.

ஏழே முக்காலுக்கு ஊர்ப்பக்கமிருந்து காகம் வந்தது. கருவாடு காயும் இடத்திலிருந்து அவை வருகின்றன. முதலாம் குச்சியில் உட்கார்ந்தது. கீழே பார்த்தது. அடுத்த குச்சிக்குப் போனது. அங்கும் பார்த்தது. இப்படியே குச்சி குச்சியாக வந்து பத்தாம் நம்பரில் இறங்கியது. ஆலாக்கள் இரண்டும் அதன் மண்டையில் அடித்தன. அது சட்டை செய்யவில்லை. முட்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது. நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. ஐந்து நிமிஷத்தில் அது திரும்பி வந்து இரண்டாவது முட்டையையும் எடுத்தது. நம்பர் வரிசைப்படி, தாலுகா ஆபீசில் கூப்பிடுவது போல.

பதினான்கு குச்சியையும் பிடுங்கிக் கட்டினேன்.

பிறகு பாதையைக் கவனித்தேன். இதை அன்றே கவனித்திருக்கவேண்டும். பெண்களின் தடம் நேர்க்கோடு இல்லை. கொடி இல்லாத கூடு ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் முன்னால் வளைகிறது, தாண்டியதும் திரும்பி நேராகிறது. கொடி வைத்த கூடுகள் பக்கமும் அப்படித்தான். முன்னால் போகிறவள் ஒதுங்குகிறாள், பின்னால் வருகிற அத்தனை பேரும் அவள் தடத்திலேயே ஒதுங்குகிறார்கள்.

ஏப்ரல் 18 அன்று ஜெபமாலை சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "காக்காவுக்கு வீட்டு நம்பர் போட்டுக் குடுக்கியளா அண்ணாச்சி?" என்றாள். திமிர் என்று நினைத்து எழுதாமல் விட்டேன்.

கிளம்பும்போது அவளே எதிரில் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"ஃபாரஸ்ட் கார்டு வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு அண்ணாச்சி. வார சனிக்கிழமல இருந்து திட்டுக்குள்ள கால் வைக்கப்பிடாதாம். படகுக்கும் தடை, மட்டிக்கும் தடைன்னா நாங்க எங்க போவோம்? முட்டைய நாங்க எடுக்கோம்னு யாரோ எழுதிக் குடுத்திருக்காவளாம்."

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க பெரிய ஆபீசுல இருந்தவிய. அந்த டீச்சரம்மாகிட்ட எங்களுக்காக ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"சொல்லுதேம்மா" என்றேன். குச்சிக் கட்டைக் குடைக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தேன்.

மே 5, செவ்வாய்

மேடம் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன்.

மே 6, புதன்

இரண்டாம் முறையும் குளித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் நானே நம்பமாட்டேன்.

மே 7, வியாழன்

ஜூன் வரைதான் தடை. பறவைக்கு எப்படியும் நல்லதுதானே. இப்படி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். படித்துவிட்டுக் கிழித்தேன்.

மே 9, சனி

திட்டு முகப்பில் பலகை வைத்துவிட்டார்கள். 'உள்ளே நுழையத் தடை.' நமக்கு மட்டும் அனுமதி உண்டாம், ஆய்வு செய்பவர்கள் என்பதால். வனத்துறை ரேஞ்சர் வந்திருந்தார். சின்ன வயது. மேடம் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, "இவர்தான் எங்க சர்வேயர், மேப் போட்டவர்" என்று அறிமுகம் செய்தார். அவர் என் கையைக் குலுக்கி, "இப்படி ஒரு ஸ்கெட்ச் எங்க ஆபீசிலேயே கிடையாது சார்" என்றார்.

பெண்கள் பலகைக்கு வெளியே சாக்குடன் நின்றுகொண்டிருந்தார்கள். ரேஞ்சர் கையில் விரித்திருந்த வரைபடத்தை ஜெபமாலை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இந்த நம்பரு எழுதுன கைதான அந்தக் கொடிலயும் எழுதுனது?"

ஆமாம் என்று தலையசைத்தேன். வேறென்ன செய்ய. அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. சாக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ரேஞ்சர் இருந்தார், மேடம் இருந்தார், எல்லாரும் இருந்தார்கள். கொடி எங்கே சார் என்று மேடம் கேட்டபோது, காற்றில் சாய்ந்துவிட்டது, எடுத்துவைத்திருக்கிறேன் என்றேன். திரும்பும்போது வேனில் மேடம் கொடுத்த கேக்கையும் சாப்பிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மே 10, ஞாயிறு

சர்ச் முடிந்து மேடம் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். காகம், கொடி இல்லாத ஐந்து கூடு, வளைகிற தடம், பத்தாம் நம்பர்.

"நடு வெயில்ல தனியா போயி உக்காந்திருக்கிய. ஒரு காக்கா ஒரு கூட்டுல எடுத்ததப் பாத்தா, ஒம்பதும் அதுதான் எடுத்துச்சுன்னு எப்படி சார் சொல்லுவிய?"

"அந்தப் பொம்பளைங்க எடுத்தாங்கன்னு நாம எப்படிச் சொன்னோம் மேடம்? ஒண்ணக்கூடப் பாக்கலயே."

அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டிவைத்தார்.

"கூட்டுப் பக்கத்துல அடையாளம் வைக்கக்கூடாதுன்னு நானே கிளாஸ்ல நடத்தியிருக்கேன்" என்றார். "நீங்க சொன்ன சந்தோஷத்துல மறந்துட்டேன்."

எந்தச் சந்தோஷம் என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவர் குரல் மாறிவிட்டது. "திட்டு மூடியிருக்கது முட்டைக்கு நல்லதுதான். ஜூன் முடியட்டும். பிறகு மெதுவா சொல்லிக்கிடுவோம். ரெண்டு மாசந்தானே."

"முட்டைய அவங்கதான் திருடுனாங்கன்னுல்லா மனுவுல இருக்கு."

"அதுல என் கையெழுத்தும் இருக்கு. இருபது வருஷமா இந்த ஆபீசுங்க எல்லாம் நான் சொன்னா கேக்குது. ஒரு தடவ தப்புன்னு ஆச்சுன்னா, இனி எந்தக் குளத்துக்கு, எந்தக் கழிக்குப் போயி நான் பேச முடியும்? யோசிச்சுக்கிடுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டம். யோசிக்கிறேன் என்று எழுந்தேன். அவர் வாசல் வரை வரவில்லை.

காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்திருந்தார். கேட்காமலே. இதை எழுதியிருக்கவேண்டாம்.

மே 11, திங்கள்

இரண்டாவது வரைபடம் வரைந்தேன். கொடி வைத்தவை பதினான்கு: போனவை பத்து, இருப்பவை நான்கு. கொடி வைக்காதவை ஐந்து: ஐந்தும் இருக்கின்றன. பாதையை வளைவு வளைவாக அப்படியே காட்டினேன். கீழே எழுதியது: 'முதல் வரைபடத்தில் முட்டை இழப்பை மட்டி எடுக்கும் பெண்களின் பாதையோடு தொடர்புபடுத்தியிருந்தேன். அது தவறு. இழப்புக்குக் காரணம் நான் நட்ட கொடிகள். அவை காகங்களுக்கு வழி காட்டின. பெண்கள் கூடுகளை விட்டு விலகியே நடந்திருக்கிறார்கள்.' கையெழுத்து, தேதி.

பணியில் இருந்த முப்பத்திரண்டு வருஷத்தில் என் அளவை தவறு என்று நானே ஒரு தடவைகூட எழுதிக்கொடுத்ததில்லை. தவறே வராமலா இருந்திருக்கும்?

மே 12, செவ்வாய்

வரைபடத்தை வனத்துறை ஆபீசில் கொடுத்தேன். ரேஞ்சர் படித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "நீங்கதான் ஒரு மேப் குடுத்திய. இப்ப நீங்களே அது தப்புங்கிய. மூணாவது எப்ப சார் வரும்?"

"நேர்ல வந்து பாருங்க. தடம் பொய் சொல்லாது."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்களுக்கு இதுல சம்மதம் இல்ல. தப்பு என்னுது மட்டுந்தான், அப்படியே எழுதிக்கிடுங்க."

கொடி நடலாம் என்று சொன்னது மேடமும்தான். அதை எழுதவில்லை, சொல்லவும் இல்லை. ஓர் உத்தரவைப் போடுவதைவிட அதை எடுப்பது பத்து மடங்கு வேலை என்று ரேஞ்சர் சலித்துக்கொண்டார். நானும் அரசாங்கத்தில் இருந்தவன்தான், தெரியும் என்றேன்.

மே 14, வியாழன்

ரேஞ்சர் நேரில் வந்தார். பலகை வைத்ததிலிருந்து பெண்கள் நடக்கவில்லை, காற்றில் தடம் பாதி அழிந்திருந்தது. பழைய வளைவு மூன்று இடத்தில் தெரிந்தது. போதவில்லை என்று முகத்தைச் சுளித்தார். பிறகு நான் கொண்டுபோயிருந்த பழைய குச்சி ஒன்றை, கூடு எதுவும் இல்லாத வெறும் மணலில் நட்டுக் காட்டினேன். பனையடியில் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. காகம் வந்து குச்சியில் உட்கார்ந்து, இறங்கி, இல்லாத முட்டையைச் சுற்றிச் சுற்றித் தேடியது.

அவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். "சரி சார்" என்றார்.

மே 16, சனி

நேற்று சுடலைமுத்து கடைக்கு வரச் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல் மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டே, "நாளைக்கு வேன்ல இடமில்ல வே" என்றான். பதினேழு சீட்டு வேன். பதினொரு பேர்.

சரி என்றேன். காலையில் தெருவையே நான்கு சுற்று சுற்றினேன். 1,640 மீட்டர். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மே 20, புதன்

ரேஞ்சர் போன் செய்தார். பலகையை எடுத்துவிட்டார்களாம். பெண்கள் எப்போதும்போல மட்டிக்குப் போகலாம். பதினொரு நாள் அவர்கள் என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

மே 22, வெள்ளி

மாலையில் ஹெப்சிபா மேடத்திடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி. இவ்வளவு நாளில் முதல் தடவை.

'மிச்சக் கூடுகள் என்ன ஆயின?'

வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை. நாளை போய் எண்ணிச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. மணலுக்குத்தானே போகிறேன்.

மே 23, சனி

முதல் பஸ். வேறு ஒரு கடற்கரைக்கு வேன் போயிருப்பதாகக் கேள்வி.

திட்டில் ஏறாமல் ஓரமாக ஈர மணலிலேயே நடந்தேன். பைனாகுலர் இல்லை, அது சுடலைமுத்துவுடையது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு முதல் குஞ்சு கண்ணில் பட்டது. மணலே எழுந்து ஓடுவது போல இருந்தது. தாய் மீனோடு இறங்கும்போதெல்லாம் ஒன்று ஓடி வந்தது. இப்படிப் பார்த்துப் பார்த்து ஏழு எண்ணினேன். இன்னும் இருக்கலாம். தேடிப் போகவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பதினோரு மணிக்குப் பெண்கள் கழியிலிருந்து ஏறி வரிசையாக வந்தார்கள். எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஜெபமாலை கடைசியில் வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"எல்லாம் என்னாலதான். அந்தக் கொடி, மேப், பலகை எல்லாமே. ஆபீசுல எழுதிக் குடுத்துட்டேன். ஒங்ககிட்டயும் சொல்லணும்ல."

"கேள்விப்பட்டோம்."

"அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

"அதுவும் தெரியும்."

போய்விடுவாள் என்று நினைத்தேன். சாக்கு பாரமாக இருந்ததோ என்னவோ, இறக்கி வைத்தாள். அப்போது நான் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை:

"காக்கா எடுக்குன்னு ஒங்களுக்கு மொத நாளே தெரிஞ்சிருக்கு. வாரத்துல ஆறு நாளு நாங்க இங்க வாறதே இல்ல. நீங்க தினமும் வாறிய. அந்தக் குச்சிய ஒங்கள்ல யாராவது புடுங்கி எறிஞ்சிருக்கலாம்லா? முட்டையாவது பொழச்சிருக்குமே."

அவள் என்னை, ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"புடுங்குவோம்னுதான் இருந்தோம் அண்ணாச்சி. ரெண்டு நாளு அதத்தான் பேசுனோம். கொடியப் புடுங்குனா, அதப் புடுங்கிப்போட்டு முட்டையத் தின்னுட்டாளுவன்னுல்லா எழுதுவிய. பேராவது மிஞ்சட்டும்னுதான் சும்மா இருந்தோம்."

சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, முன்னால் போனவர்களின் தடத்தில் கால் வைத்து நடந்து போனாள். வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

பஸ்ஸில் மேடத்துக்குச் செய்தி எழுதினேன். 'ஏழு குஞ்சுகள்.' அதோடு நிறுத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஜெபமாலை சொன்னதை, ஒரு சொல் மாற்றாமல், அதன் கீழே எழுதி அனுப்பினேன்.

உடனே நீல டிக் விழுந்தது. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றுவிட்டது. மறுபடி காட்டியது. இதை எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை.